கேட் இல்லாத பைன் காடு

அரிசோனாவின் 64-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிற வண்டிகள் பெரும்பாலும் கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவை. டுசாயன் என்ற சிற்றூரைத் தாண்டினால் தேசியப் பூங்காவின் தெற்கு வாயில் வந்துவிடும். அங்கே காருக்கு 35 டாலர். நாங்கள் அதுவரை போகவில்லை. ஊருக்குச் சற்று முன்பே வலப்பக்கம் 302 என்று எண்ணிட்ட ஒரு காட்டுச் சாலை பிரிகிறது. நண்பர் ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியை அதில் திருப்பினார்.

கேட் இல்லை. சீட்டுக் கிழிக்கும் சாவடியோ காவலாளோ இல்லை.

"யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம். இது கவர்மென்ட் காடு. இடம் பார்த்து நிறுத்திக்கலாம்."

இது கைபாப் தேசியக் காடு, ஏறத்தாழ 16 லட்சம் ஏக்கர். பக்கத்தில் இருக்கும் பூங்கா உள்துறையைச் சேர்ந்தது. இந்தக் காடோ 1905-இல் தொடங்கிய வனச் சேவையின் கையில், விவசாயத் துறைக்குக் கீழே இருக்கிறது. மரம் வெட்ட, மாடு மேய்க்க, வேட்டையாட, தங்க என்று பல பயன்களுக்கும் திறந்துவைத்த நிலம். அதனால்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் முன்பதிவும் கட்டணமும், இந்தப் பக்கம் அதே பைன் மரத்தடியில் இலவசம். 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்பது அரசின் பெயர். ஆர்.வி.க்காரர்கள் 'பூண்டாக்கிங்' என்கிறார்கள்.

ஆனால் இஷ்டம்போல வண்டியை உள்ளே விட முடியாது. எந்தச் சாலையில் வண்டி போகலாம், எங்கே சாலையை விட்டு இறங்கலாம் என்று வனச் சேவை ஒரு வரைபடம் வெளியிடுகிறது. சாலைக் கோட்டின் ஓரம் புள்ளிகள் இருந்தால் அங்கே இறங்கித் தங்கலாம். 30 நாட்களில் 14 நாட்கள்தான் தங்க அனுமதி. விலங்குகள் தண்ணீர் குடிக்கும் குட்டைக்குக் கால் மைலுக்குள் முகாம் போடுவது அரிசோனா சட்டப்படி குற்றம். இந்த வறண்ட மேட்டு நிலத்தில் குட்டைக்குப் பக்கத்தில் மனிதன் உட்கார்ந்துவிட்டால் மான் தாகத்தோடு திரும்பிப் போகும். இந்த விதியை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது: ஏற்கெனவே யாரோ தங்கிய இடம்தான் நல்ல இடம். புல் தேய்ந்து தரை இறுகியிருக்கும். நடுவில் கரி படிந்த கல்வட்டம் இருக்கும். புதிதாக ஓர் இடத்தை மிதித்துக் கெடுக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்றில் நிறுத்தி, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகள் கொடுத்து வண்டியைச் சமமாக்கினோம். தரை கோணலாக இருந்தால் உள்ளே இருக்கும் கேஸ் ஃபிரிட்ஜ் சரியாக வேலை செய்யாது.

சுற்றிலும் பாண்டரோசா பைன்கள். இளம் மரத்துப் பட்டை கருமையாக இருக்கிறது. நூறாண்டு தாண்டியதும் செம்மஞ்சளாக மாறிப் பெரிய தகடுகளாக வெடிக்கிறது. வெயில் ஏறியபின் ஒரு கிழட்டு மரத்தின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள்: வெனிலா போட்டுச் சர்க்கரைப் பாகு காய்ச்சும் வாசனை. காதில் முடிக்குஞ்சம் வைத்த ஓர் அணில் உண்டு. அதற்கு இந்த மரமே சோறு. உட்பட்டையும் காயும் தின்று பிழைக்கிறது.

பகலில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள். கேன்யனைச் சுற்றிக் காட்டும் ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் போய்வந்துகொண்டே இருக்கும். பொழுது சாய்ந்தால் அவை அடங்கிவிடும். செப்டம்பர் கடைசி என்பதால் ஆண் எல்க் மான்கள் துணையை அழைக்கும் நேரம். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து சீழ்க்கை போன்ற மெல்லிய குரல் வருவதை முதலில் நம்ப முடியவில்லை.

தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் குப்பைத் தொட்டியும் இங்கே கிடையாது. தண்ணீரை டாங்க்கில் நிரப்பிக்கொண்டுதான் வர வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு டாங்க்கில், கழிப்பறைக் கழிவு இன்னொன்றில் சேரும். இரண்டையும் ஊரில் அதற்கென உள்ள இடத்தில் காசு கொடுத்துக் கொட்ட வேண்டும். குப்பை வந்த வண்டியிலேயே திரும்பும்.

நெருப்புதான் என்னை மிகவும் கவலைப்படுத்தியது. பாண்டரோசாவுக்குத் தீ பகையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சிறு தீயைத் தாங்கத்தான் அதற்கு அவ்வளவு தடித்த பட்டை. நூறாண்டுக் காலம் ஒவ்வொரு தீயையும் அணைத்ததில் இளமரங்கள் நெருங்கி வளர்ந்துவிட்டன. இப்போது பற்றினால் தரையோடு போகாது, உச்சிக்கு ஏறிவிடுகிறது. தெற்கே ஃபிளாக்ஸ்டாஃப் அருகே 2010 ஜூனில் யாரோ கைவிட்டுப்போன முகாம் நெருப்பு 15,000 ஏக்கரை எரித்தது. அடுத்த மாத மழையில் அந்த மொட்டைச் சரிவிலிருந்து வெள்ளம் இறங்கி, 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். 2022-இல் அதே மலைப்பக்கம் காட்டில் தங்கிய ஒருவர், பயன்படுத்திய கழிப்பறைக் காகிதத்தை எரித்து ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போனார். எரிந்தது 26,000 ஏக்கருக்கு மேல். சுத்தமாக இருக்க நினைத்துச் செய்த காரியம் அது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் போனபோது நெருப்புத் தடை இல்லை. இருந்தும் நண்பர் விறகைத் தொடவில்லை. கேஸ் அடுப்பிலேயே சாதம் வடித்தார்.

சற்றுத் தள்ளி ஒரு பழைய டிரெய்லர் நின்றிருந்தது. படிக்கட்டருகே பூந்தொட்டி, ஜன்னலில் திரைச்சீலை. விடுமுறைக்கு வந்தவர்கள் பூந்தொட்டி கொண்டுவருவதில்லை. அமெரிக்காவின் மேற்கில் வாடகை கட்ட முடியாமல் காட்டுக்குள் வண்டியோடு வாழ்பவர்கள் பலர். ஒரிகன் மாநிலத்தில் பெண்ட் நகரை ஒட்டிய டெஷூட்ஸ் தேசியக் காட்டில், தீ அபாயத்தைக் குறைக்க நெருங்கிய மரங்களை வெட்டி விலக்கும் பணிக்காக 2025 மே மாதம் சாலைகளை மூடினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பணி தேவையானது, சந்தேகமில்லை. ஆனால் போக வேறிடம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வெளியேறுவது ஒன்றல்ல. 14 நாள் விதியும் அப்படித்தான்: ஊர்சுற்றுபவருக்கு ஒரு விதி, வீடற்றவருக்கு வேறு விதி. அதை ஒரே விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும் காலையில் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த முகாமிடம் வரை நடந்தேன். அங்கிருந்தவர்கள் விடியும் முன்பே போய்விட்டிருந்தார்கள். கல்வட்டத்தில் வெள்ளைச் சாம்பல். புறங்கையை அருகில் கொண்டுபோனேன், அனல் அடித்தது. மேலே கொஞ்சம் மண் மட்டும் போட்டு மூடியிருந்தார்கள். மண்ணுக்கடியில் கங்கு வெகுநேரம் உயிரோடிருக்கும். நண்பரைக் கூப்பிட்டேன். டாங்க்கில் மீதமிருந்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துவந்து ஊற்றினார். நான் குச்சியால் கிளறினேன். ஆவி எழுந்தது. மறுபடி ஊற்றி, மறுபடி கிளறி, சாம்பல் சேறாகிக் கை வைத்தால் குளிரும்வரை அங்கேயே இருந்தோம்.