வாளித் தண்ணியும் சாட்டிலைட்டும் பின்னே ஒரு அரையும்

ரூம்மேட்டோட ஒரு சண்டை. "கடல் சூடாகுதுங்கறதெல்லாம் டுபாக்கூர் மச்சி. பழைய டேட்டாவையே திருத்தி வச்சிருக்கானுங்க. 2015-ல அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டியே சம்மன் அனுப்புச்சுல்ல?" என்றான். நோவா நிறுவனத்துக்கு சம்மன் போனது நிஜம். டேட்டாவைத் திருத்தியதும் நிஜம். எனக்குப் பதில் சொல்ல வரலை. ரோஷத்தில் ரெண்டு வாரக் கடைசியை இதைப் படிச்சே கழித்தேன்.

சாட்டிலைட்தான் 1981-லிருந்து தினமும் கடலைப் பார்க்குதே, அதை வச்சு கப்பல் ரிக்கார்டைச் சரிபார்த்துட்டா போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். சாட்டிலைட் என்ன தண்ணிக்குள்ள தெர்மாமீட்டரா விடுது? அகச்சிவப்புக் கதிரை அளந்து கணக்குப் போடுது. அதுக்குத் தெரியறது கடலோட மேல்தோல் மட்டும்தான், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தோல் கீழே இருக்கிற தண்ணியைவிட பெரும்பாலும் கொஞ்சம் குளிர்ச்சி. மேகம் வந்தா ஒண்ணுமே தெரியாது. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்து கந்தகத் துகள் மேலே பரவியதில், கடல் நிஜத்தைவிடக் குளிர்ச்சியாத் தெரிஞ்சிருக்கு. அதைக் கண்டுபிடித்துத் திருத்த உதவினது எது? கப்பலும் மிதவையும்தான்!

சரி, கப்பல் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் கான்வாஸ் வாளியைக் கயிறு கட்டி கடலில் இறக்கி, மேலே இழுத்து, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்திருக்காங்க. இழுக்கிறதுக்குள்ள காத்து பட்டு தண்ணி குளிர்ந்துடும். (நம்ம மண்பானை டெக்னிக்தான்.) அப்புறம் இன்ஜினுக்குப் போகிற தண்ணியை அளக்க ஆரம்பிச்சாங்க. இன்ஜின் ரூம் சூட்டில் அது கொஞ்சம் ஏத்திக் காட்டும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வந்த அளவுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கப்பல்களோடது, இன்ஜின் தண்ணி. போர் முடிந்ததும் வாளி போடுகிற பிரிட்டிஷ் கப்பல்களின் அளவுகள் அதிகமாச்சு. கிராஃபில் 1945 ஆகஸ்ட் வாக்கில் சுமார் 0.3 டிகிரி தடாலென்று சரிவு! கடல் ஒண்ணும் குளிரலை, அளந்த ஆள் மாறிட்டான். இதை 2008-லதான் பிடிச்சிருக்காங்க.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது வேற. 1930-களின் ஜப்பான் கப்பல் அளவுகளை டிஜிட்டலா மாத்தும்போது, தசமத்துக்கு அப்புறம் இருந்த எண்ணை யாரோ வெட்டி விட்டிருக்காங்க. 18.7 எல்லாம் 18. பசிபிக் ஒரு பகுதி முழுக்க சும்மாவே குளிர்ந்து போச்சு. அதைத் திருத்தி 2019-ல் பேப்பர் வந்தது.

ஏன் தூக்கம் போச்சுன்னா, அச்சு அசல் அதே தப்பை நான் பண்ணியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு கிளையண்டோட பழைய மீட்டர் ரீடிங்கை புது டேட்டாபேஸுக்கு மாத்தினேன். காலத்தை இன்டிஜர்னு வச்சுட்டேன். மூணு மாசம் கழிச்சுக் கண்ணில் பட்டபோது பழைய டேபிளையே அழிச்சாச்சு. எல்லா வரிசைக்கும் 0.5 கூட்டிட்டு, யார்கிட்டயும் மூச்சு விடலை. டோட்டல் கிட்டத்தட்ட சரியா வந்தது. பாராட்டு வேற கிடைச்சுது.

நண்பனிடம் மறுபடி பேசினேன். 1880-களிலிருந்து மொத்தமாப் பார்த்தா, திருத்தினதால கடல் சூடேறின கணக்கு குறைஞ்சுதான் இருக்கு, ஏறலை. வாளி அளவுகளை மேலே தூக்கினதால. அவன் சொன்ன 2015 திருத்தத்தையும் 2017-ல் வேற ஒரு குழு மிதவை தனியா, ஆர்கோ தனியா, சாட்டிலைட் தனியான்னு வச்சுச் சரிபார்த்தாங்க. மூணுமே புதுக் கணக்கோடதான் ஒத்துப்போச்சு. பழைய அளவுகளும் அப்படியே இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். அவன் ம்ம்ம் என்றான், அவ்வளவுதான்.

அவன் ஃபிராடு என்றது அவங்களைத்தான். ஆனா ராத்திரி முழுக்க எனக்கு அந்த 0.5 தான் ஞாபகம். அதுக்கு எங்கேயும் ஒரு கமெண்ட் வரிகூட எழுதி வைக்கலையே.

திங்கட்கிழமை பழைய டீம் லீடுக்கு நடந்ததை எல்லாம் எழுதி மெயில் போட்டேன். இன்னிக்கு வியாழன். இன்னும் பதில் வரலை.