ஒரு சிறு அடைமொழி

ஆங்கில இலக்கணம் என்றாலே எங்கள் வகுப்பில் பலருக்கு வேப்பங்காய்தான். அதிலும் வினையடை என்பது வாக்கியத்துக்கு அணிவிக்கும் நகை. இல்லாவிட்டாலும் குற்றமில்லை என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவள் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் கல்வராயன் மலைத் தோழி.

அன்று 'என் தந்தை' என்ற தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை வாசிக்க வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த அவள் எழுந்து, "மை ஃபாதர் ஹார்ட்லி ஒர்க்ஸ்" என்று படித்தாள். நாங்கள் சிரித்துவிட்டோம். காரணம் புரியாமல் விழித்தாள். "உன் அப்பா வேலையே செய்வதில்லை என்றல்லவா பொருள்!" என்று எங்களில் ஒருத்தி கூறியதும் அவள் கண்கள் கலங்கின.

"எங்கப்பா விடியறதுக்கு முன்னாடியே மரவள்ளிக் காட்டுக்குப் போயிடுவாரு. இருட்டினாத்தான் வருவாரு" என்றாள். எங்கள் சிரிப்பு நின்றது.

சிஸ்டர் கரும்பலகையில் எழுதி விளக்கினார்கள். தமிழில் 'கடினம்' என்பதுடன் 'ஆக' சேர்ந்தால் 'கடினமாக' என்று வினையடையாகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'லி' அந்த வேலையைச் செய்கிறது. 'ஸ்லோ', 'ஸ்லோலி' ஆகும். அவள் அந்த விதியைத்தான் பின்பற்றினாள். ஆனால் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்ற சில சொற்கள் உருமாறாமலே வினையடையாக வரும். 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை' என்று பொருள். இடமும் வேறு. தமிழில் 'கடினமாக உழைக்கிறார்' என அடை முன்னே நிற்கும். ஆங்கிலத்தில் 'ஒர்க்ஸ் ஹார்ட்' எனப் பின்னே நிற்கும்.

பிறகு சிஸ்டர், "அவள் மட்டும் அழுதாள்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். தமிழில் 'மட்டும்' பின்னால் வருவதால் நாங்களும் "ஷி ஒன்லி கிரைட்" என்று எழுதினோம். அதற்கு 'அவள் அழ மட்டுமே செய்தாள்' என்று பொருளாகிவிடுமாம்! "ஒன்லி ஷி கிரைட்" என்பதே சரி. இம்முறை நாங்கள் தலைகுனிந்தோம். எங்கள் தோழியோ சிரிக்கவில்லை.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் மொழியைக் கற்று, 1730-இல் 'தொன்னூல் விளக்கம்' என்னும் இலக்கண நூலையே எழுதினார். அவரும் தொடக்கத்தில் எத்தனை முறை தடுமாறியிருப்பார்! யாரேனும் பொறுமையோடு திருத்தியதால்தானே கற்றிருப்பார்?

மறுநாள் அவள், "மை ஃபாதர் ஒர்க்ஸ் வெரி ஹார்ட்" என்று தலைநிமிர்ந்து வாசித்தாள். நாங்கள் கைதட்டினோம். இலக்கணம் மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. சொல்ல வந்த உண்மையைச் சேதமின்றிச் சொல்வதற்கும்தான் என்று அன்று உணர்ந்தோம்.