வாச்சாத்தி போகும் வழி

ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் பஸ் ஹாரன் பின்னால் தேய, ஸ்ரீபெரும்புதூரில் மேற்கே திரும்பினேன். வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர். அரூரைத் தாண்டினால் மரவள்ளித் தோட்டங்கள். அவற்றுக்கு மேல், வழியை மறித்தாற்போல் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி.

ஊருக்குள் ஓர் ஆலமரம் நிற்கிறது. அதன் விரிவைப் பார்த்து வாயடைத்துப் போனேன். நூறு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த நிழலுக்குத்தான் 1992 ஜூன் 20 அன்று ஊரில் இருந்தவர்களை இழுத்து வந்தார்கள். சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து நுழைந்த நாள் அது. 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்ந்தார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சிறையில் அடைத்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். ஆண்களில் பெரும்பாலோர் மலைக்காட்டில் ஒளிந்திருந்தார்கள்.

இதன் பிறகும் இந்த மலையாளிப் பழங்குடி மக்கள் ஊரைக் கைவிடவில்லை. என்னை மலைக்க வைத்தது அதுதான். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைக்கு வந்தன. 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், தங்களைச் சிதைத்தவர்களை வரிசையில் நிற்கவைத்து அடையாளம் காட்டினார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தபோது தமிழ்நாடு முன்னேறுகிறது என்று எல்லோரும் பூரித்தோம். அந்த நாட்களில் இவர்கள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மாநிலத்தின் முன்னேற்றக் கணக்கில் அந்த நடையும் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே ஊருக்கு வந்து பார்த்தார். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ அரசு வேலை அல்லது சுயதொழில். ஊரின் வாழ்வாதாரத்துக்கு என்ன செய்தோம் என்பதையும் அரசு நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பின் இந்தக் கடைசிப் பகுதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. சீருடையைக் கண்டாலே நடுங்கிய ஊரில், அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை தண்டனையால் மட்டும் திரும்பிவிடாது. காட்டில் சுள்ளி பொறுக்கப் போகும் பெண்ணை வனக்காவலர் மரியாதையாக விசாரிக்க வேண்டும். படித்த பிள்ளைக்கு அரூர்ப் பக்கத்திலேயே நிரந்தர வேலை கிடைக்க வேண்டும். இரண்டையும் செய்து காட்டும் பொறுப்பு அரசுடையது. அந்த ஊர் தன் பங்குக்கு 31 வருஷம் கொடுத்துவிட்டது.