ஷிப்ட்டில் சேராத நேரம்

நேரத்துக்கு விலை உண்டு என்பது திருப்பூரில் பதினாறு வயதுப் பையனுக்கும் தெரியும். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட். இரவு வரை நின்றால் ஒன்றரை. சனிக்கிழமை கையில் சம்பளம். முழுப் பரீட்சை லீவு விட்டதும் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கவோ செக்கிங்குக்கோ போகிற பிள்ளைகள் பலர். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் கேள்வி வரத்தான் செய்யும்: "இதுக்கு என்ன கண்ணு குடுப்பாங்க?"

பள்ளியில் சான்றிதழ் கொடுப்பார்கள். காந்தி நூற்றாண்டான 1969இல் கல்லூரிகளில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பின்னால் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம். இங்கேயும் மணிக்கணக்குதான்! சில முகாம்களில் ஆளுக்கொரு துடைப்பத்தைப் பிடித்துப் போட்டோ எடுத்ததும் அன்றைய சேவை முடிந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் 120.

போலியோ சொட்டு மருந்து நாளில் அந்தச் சௌகரியம் கிடையாது. பேருந்து நிலையத்தில் மேசை போட்டாயிற்று என்றால் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தையையும் விடக்கூடாது. இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. அதே வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ரயிலேறித் திருப்பூருக்கு வருகிறார்கள். பையும் குழந்தையுமாக நடக்கும் தாயை நிறுத்தி, கம்பெனி வாசலில் காதில் விழுந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையின் இடது சுண்டு விரலைப் பார்க்க வேண்டும். மை இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் பஸ் கிளம்புவதற்குள் வாயைத் திறக்க வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ப்ளஸ் ஒன் மாணவி ஒரு பகலில் கற்றுக்கொள்வதை எந்த முகாம் உரையும் கற்றுத் தராது.

தேவாலயத்தில் மணிக்கணக்கும் இல்லை, சான்றிதழும் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையே மாணவர்கள் ஆரம்பித்ததுதான். 1833இல் பாரிஸில் அதைத் தோழர்களோடு தொடங்கியபோது பிரெடரிக் ஓசானாமுக்கு வயது 20. ஏழை வீட்டுக்கு இருவராகப் போக வேண்டும், போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர்கள் முறை. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பெரியவர் பின்னால் லைன் வீட்டுக்குள் நுழைகிற பையனுக்கு முதலில் பேச்சே வராது. அதே வீட்டுக்கு நாலைந்து முறை போன பிறகு, பாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முகாம்களில் இல்லாதது இந்தத் திரும்பப் போகிற பழக்கம்தான்.

வேலைக்கு நடுவே இப்படி நேரம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. விடுதலைப் போராட்டத் தியாகி கொடி காத்த குமரன் மில் வேலைக்கு நடுவேதான் தேசபந்து இளைஞர் மன்றத்தை நடத்தினார். 1932 ஜனவரி 11இல் இறந்தபோது அவருக்கு வயது 27.

இன்றைய பிள்ளைகளுக்கு நேரம் கொடுக்க ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறியது. இமயத்தைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் இங்கே வருகின்றன. தமிழ்நாடு முழுக்க 2015இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும்.

வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் வருகிற தை மாதம் ஒரு காலை குளக்கரைக்கு அனுப்பிப் பாருங்கள். பொங்கலுக்குக் கம்பெனி எப்படியும் லீவுதான்.