கருவியும் கரமும்

ஆரணியில் பட்டுத் தறியோடு வாழும் நாங்கள் நாள்தோறும் காணும் உண்மை ஒன்று உண்டு. ஒரே பாவு, ஒரே சாயம், ஒரே ஜக்கார்டு பெட்டி. ஆயினும் இருவர் நெய்த சேலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பலகையை அடிக்கும் கை சீராக இல்லையெனில், ஊடை ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் நிற்கும். பூவை எடுத்துக் கொடுப்பது பெட்டி. சேலையைச் சேலையாக்குவது நெசவாளியின் கை.

இவ்வுண்மையை மருத்துவத்திலும் நினைவுகூர வேண்டிய வேளை எங்கள் இல்லத்துக்கு வந்தது. உறவுப் பெண் ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஓலை வாசிக்குமுன்பே இடுப்புக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட வேண்டுமென அவள் பிடிவாதம் கொண்டாள். “புதிதாக லேசர் யந்திரம் வந்திருக்கிறதாம், மாமா, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம்” என்றாள். யந்திரத்தின் பெயரை அவள் அறிந்திருந்தாள். அறுவை செய்யப்போகும் வைத்தியரின் பெயரை அறியவில்லை.

ஆகவே இச்சிகிச்சையைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெளிய முற்பட்டோம். 1920-களில் பாரிஸ் நகரில் ஒரு நடனமாதின் காலிலிருந்து கூரிய கருவியால் கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றபோது, இரத்தக் குழாய் சேதமுற்று அவள் காலையே இழந்தாள். 1970-களில் இத்தாலியில் பிஷர் என்பவரும், பிரான்சில் இல்லூஸ் என்பவரும் மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சும் முறையை உருவாக்கினர். இல்லூஸ் முனை மழுங்கிய குழாயைக் கையாண்டதால் நரம்புகளுக்கும் குழாய்களுக்கும் சேதம் குறைந்தது. பின்னர் 1980-களில் அமெரிக்கரான கிளைன், மரப்பு மருந்தை உப்பு நீரில் வெகுவாகக் கலந்து முதலில் செலுத்தும் முறையை வகுத்தார். அதனால் இரத்தப் போக்கு மிகவும் குறைந்தது. கருவிகளும் முறைகளும் திருந்தியதால் ஆபத்து குறைந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், தோலுக்கடியில் செல்லும் குழாயின் முனையை வைத்தியர் கண்ணால் காண்பதில்லை. ஒரு கை குழாயைச் செலுத்த, மறு கை தோலின்மேல் படிந்து, ஆழத்தையும் தடிப்பையும் தடவி அறிகிறது. தோலை ஒட்டி மிகையாக உறிஞ்சினால் மேடுபள்ளம் நிலைத்துவிடும். மிக ஆழமாகச் சென்றால் வயிற்றுறுப்புகளைத் துளைக்கவும் கூடும். அதிரும் குழாய் வைத்தியரின் கைச் சோர்வைக் குறைக்கும். ஒலியலையும் லேசரும் கொழுப்பைத் தளர்த்தும். ஆனால் அவை தரும் வெப்பம், பழகாத கையில் தோலையே சுட்டுவிடும். எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை எந்த யந்திரமும் சொல்லாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டை இங்கே நினைக்கிறோம். 1946-இல் வேலூர் வந்த அவர், தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, செயலிழந்த கைகளுக்கு உழைக்கும் ஆற்றலைத் திரும்பத் தந்தார். மருத்துவம் பயிலுமுன் அவர் தச்சும் கொத்தும் பழகியவர். கைத்தொழிலில் பழகிய விரல்களே பிறர் விரல்களைச் சீராக்கின.

எங்கள் பெண்ணை, முறையாகப் பிளாஸ்டிக் அறுவையில் உயர்பட்டம் பெற்ற ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை அன்று. ஓரிடத்தின் வடிவத்தைத் திருத்துவதே. வீக்கம் முற்றும் வடியப் பல வாரங்கள், சில வேளை மாதங்களும் ஆகும் என்று அவர் விளக்கினார். 2022 மே மாதத்தில் பெங்களூரில், கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் இருபத்தொரு வயது நடிகை ஒருவர் மரித்த செய்தியையும் அவள் அறிந்திருந்தாள். இரண்டு நாள் யோசித்து, வேண்டாமெனத் தானே முடிவு செய்தாள். ஆரணிப் பட்டுடுத்தி, இருந்த உருவிலேயே பலிபீடத்தின் முன் நின்றாள்; மணமகனுக்கு எக்குறையும் தோன்றவில்லை.

செய்துகொள்வோரை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இவ்விருப்பத்தோடு வந்தால் யந்திரத்தைப் பற்றிக் கேட்பதற்குமுன் இவற்றைக் கேளுங்கள்: அறுவை செய்பவரின் பட்டம் என்ன? இதே அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார்? மயக்க மருந்து வைத்தியர் உடனிருப்பாரா? அவசரம் நேர்ந்தால் தீவிர சிகிச்சைக்கு வசதி உண்டா? ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பதாயின், இரவு முழுதும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்களா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில், யந்திரம் எத்துணை புதியதாயினும், திரும்பி வருவதே விவேகம்.