உறைதல்

'உறை' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. ஓரிடத்தில் தங்கி வாழ்வது உறைதல். பால் தயிராகத் திரள்வதும் உறைதல். வாளை மூடுவது உறை. மழைத்துளிக்குப் பழைய பெயர்களுள் ஒன்றும் உறை. கும்மிடிப்பூண்டிக்கு அருகே நான் பணிபுரியும் கல்லூரியில் இதை விளக்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "டீசலும் உறையும் ஐயா, எங்கப்பா பாத்திருக்காரு" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கோ அந்தத் தந்தையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இப்போது அவர் சிப்காட் வளாகத்திலிருந்து இரும்புக் கம்பி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர். முன்பு நாமக்கல் லாரி ஒன்றில் பல ஆண்டுகள் வடநாட்டு லோடு ஓட்டியவர். ஒரு தை மாதம், நிலச்சரிவால் ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டு, காசிகுண்டில் இரண்டு இரவுகள் வரிசையில் நின்றிருக்கிறார். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்பர். அதன் நடுவில் சென்று மாட்டியிருக்கிறார்.

"டீசல் நெய் மாதிரி நின்னுடும் சார். செல்ஃப் அடிக்க அடிக்க பேட்டரிதான் போகும்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, முன்னால் நின்ற வண்டியின் ஓட்டுநர் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி டேங்குக்கு அடியில் பிடித்ததையும், தீ வயரிங்கில் பற்றியதையும், அந்த வண்டிக் கிளீனரின் இரு கைகளும் வெந்ததையும் சொன்னார். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இராதாம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கைகள்தாம்.

டீசல் ஏன் உறைகிறது? அதில் பாரஃபின் என்னும் மெழுகுப் பொருள் இயல்பாகவே கரைந்திருக்கிறது. நன்றாக எரிவதற்கு அது உதவுவதால் முற்றிலும் நீக்கிவிடுவதும் நல்லதன்று. குளிர் ஏற ஏற அந்த மெழுகு மூன்று படிகளில் தன்னை வெளிப்படுத்துகிறது. முதலில் நுண்படிகங்கள் தோன்றி எண்ணெய் மங்கலாகும். இதைக் கலங்கு நிலை எனலாம். அடுத்து அப்படிகங்கள் டீசல் ஃபில்டரை அடைக்கும். இறுதியாக எண்ணெயே வழியாமல் நின்றுவிடும்; அது வழிவு நிலையின் எல்லை. வண்டி நிற்பது பெரும்பாலும் இரண்டாம் படியில்தான். டேங்கில் டீசல் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கோ ஒரு சொட்டும் போகாது.

ஐ.எஸ். 1460 என்னும் இந்தியத் தரநிர்ணயம் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைக் குளிர்காலமாகவும், ஏனையவற்றைக் கோடையாகவும் கொள்கிறது. ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு அது விதிக்கும் மேல்வரம்பு கோடையில் 18 டிகிரி செல்சியஸ், குளிர்காலத்தில் 6 டிகிரி. நடைமுறையில் டீசல் இதைவிடக் குளிரைத் தாங்கக்கூடும். எனினும் சட்டம் அதை வற்புறுத்தவில்லை. சமவெளிக்குப் போதுமான இந்த ஏற்பாடு, சுழியத்துக்குக் கீழே இறங்கும் காஷ்மீர இரவுக்குப் போதாது.

கும்மிடிப்பூண்டியில் நிரப்பிய டீசல் காஷ்மீர் வரை வராது. பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே மலையேறுமுன் கடைசியாக எங்கே, எந்த டீசல் நிரப்பப்படுகிறது என்பதே கேள்வி. வழியில் பங்க் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சிச் சமவெளியிலேயே டேங்கை நிறைப்பது ஓட்டுநர் வழக்கம். அந்த முன்னெச்சரிக்கையே சில வேளை வினையாகிவிடுகிறது.

லடாக்கின் நிலை இன்னும் கடுமை. அங்கே இரவுகள் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டிச் செல்வதுண்டு. அதற்கென இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட் ஆலையில் தயாரித்த குளிர்கால டீசலின் விற்பனையை, 2019 நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா தொடங்கிவைத்தார். அதன் வழிவு நிலை சுழியத்துக்குக் கீழே 33 டிகிரி. கிடைக்குமிடத்தில் அதை நிரப்பிக்கொள்வதே முதல் காப்பு.

இரண்டாவது காப்பு, குளிர் தாங்க உதவும் சேர்மானங்கள். இவை மெழுகைக் கரைப்பதில்லை. படிகங்கள் பெரிதாக வளரவிடாமல் தடுத்து, ஃபில்டர் வழியே நழுவிச்செல்லும் அளவில் வைக்கின்றன. எனவே டீசல் கலங்குமுன், அது வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலக்க வேண்டும். உறைந்த பின் ஊற்றினால் பயனில்லை.

மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் பழையது. அது மெழுகுப் படிவதைத் தள்ளிப்போடும் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு வழவழப்புக் குறைவு. பம்ப்பும் இன்ஜெக்டரும் தேயும். நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட.

நாள்தோறும் செய்யத்தக்கவை எளியவை. ஃபில்டருக்கு அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுதல். டேங்கை நிறைத்து வைத்து உள்ளே ஈரம் படிவதைக் குறைத்தல். காற்று மறைவில் நிறுத்துதல். மாற்று ஃபில்டர் ஒன்றைக் கையில் வைத்திருத்தல். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 லாரிகளில் யூரியாக் கரைசலுக்கெனத் தனி டேங்க் உண்டு. அது சுழியத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும், விரிந்து பெருக்கும். ஆகவே அதை மட்டும் விளிம்புவரை நிரப்பலாகாது. இவற்றையெல்லாம் மீறி டீசல் உறைந்துவிட்டால், ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்து, குழாய்களின்மேல் வெந்நீர் ஊற்றலாம். தீயை மட்டும் அருகே கொண்டுசெல்லக் கூடாது.

இவற்றுள் எதுவும் அரிய அறிவன்று. ஆயினும் பத்தாம் வகுப்போடு நின்று வண்டியேறும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தவர் யார்? மெய்ப்பாடு எட்டு என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறோம், அது வேண்டும்தான். நம் மாவட்டத்து லாரி புக்கிங் ஆபீஸ் சுவர்களில் முருகன் படமும் நாட்காட்டியும் தொங்குகின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்ட இடமிருக்கிறது. அந்தத் தாளை எழுதுவதும் தமிழ் படித்தவர் வேலையே என்று நினைக்கிறேன்.