தகுதிச் சுற்று ராஜா

2025 அக்டோபர் 14 அன்று லிஸ்பனில் ஹங்கேரிக்கு எதிராக ரொனால்டோ இரண்டு கோல் அடித்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் அவருடைய மொத்தக் கணக்கு 41 ஆனது. புதிய உலக சாதனை. ரொனால்டோ ஒரு சாதனை படைத்தார் என்பது இப்போதெல்லாம் பெரிய செய்தி இல்லை. பழைய சாதனை யார் பெயரில் இருந்தது என்பதுதான் பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. 39 கோல்களோடு ஒன்பது வருடம் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தவர் குவாத்தமாலாவின் கார்லோஸ் ரூயிஸ். உலகக் கோப்பைக்குப் போவதற்கான ஆட்டங்களில் அத்தனை கோல் அடித்த மனிதர், ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. அவருடைய நாடும் இன்றுவரை ஆடியதில்லை.

இந்த 39-ஐக் கேட்டதும் கால்பந்து தெரிந்தவர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். குட்டி குட்டித் தீவுகளுக்கு எதிராக அடித்ததுதானே என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மத்திய அமெரிக்காவின் சின்ன நாடுகள் தகுதிச் சுற்றின் கீழ்ப்படியிலிருந்து ஏறி வர வேண்டும். வழியில் கரீபியன் தீவு அணிகள் வரும், கோல்களும் வரும். ஆனால் அதே படிகளில் அவரோடு ஏறிய மற்ற முன்கள வீரர்கள் யாரும் 39 அடிக்கவில்லையே.

1979-இல் குவாத்தமாலா நகரில் பிறந்த ரூயிஸ், அங்குள்ள முனிசிபல் கிளப்பில் வளர்ந்தவர். ‘பெஸ்காதீத்தோ’, அதாவது குட்டி மீன் என்பது அவருடைய செல்லப் பெயர். நெடுநெடுவென்ற உயரமோ மின்னல் வேகமோ கிடையாது. பெனால்ட்டி பாக்ஸுக்குள் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்வார். பந்து எங்கே வந்து விழும் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு அரை நொடி முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். விழுவதிலும் கெட்டிக்காரர். லேசாக உரசினால் போதும், தொட்டாற்சிணுங்கி மாதிரி சுருண்டு தரையில் கிடப்பார். அமெரிக்க மைதானங்களில் அவரைப் போல வசவு வாங்கியவர்கள் குறைவு. தங்கள் அணிக்கு வந்துவிட்டால் அதே ரசிகர்கள் அதைச் சாமர்த்தியம் என்பார்கள்.

நல்ல முன்கள வீரன் குவாத்தமாலாவிலேயே இருந்தால் பெயர் கிடைக்கும், பெரிய பணம் கிடைக்காது. கிரீஸில் கொஞ்ச காலம் ஆடிப் பார்த்துவிட்டு, 2002-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸி அணிக்கு வந்தார். வந்த வருடமே லீக்கில் 24 கோல், அதிக கோல் அடித்தவர் பட்டம், சிறந்த வீரர் விருது. அதற்கு முன் மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்த அணி அது. நான்காவது இறுதிப் போட்டியோ எதிரணியான நியூ இங்கிலாந்தின் சொந்த மைதானத்தில். கூட்டம் 61,316 பேர். கோலே இல்லாமல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. முதலில் கோல் அடிப்பவருக்கே கோப்பை என்ற விதி அப்போது இருந்தது. 113-வது நிமிடம் வலது பக்கத்திலிருந்து டைரோன் மார்ஷல் கொடுத்த பந்தை ரூயிஸ் வலைக்குள் தள்ளினார். அத்தனை பெரிய கூட்டமும் வாயடைத்துப் போனது. கேலக்ஸியின் முதல் லீக் கோப்பை அது.

அந்தப் புகழுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்க லீக்கில் வீரர்களின் ஒப்பந்தம் லீக்கோடுதான். கிளப்புகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும். 2005-இல் ஜெர்மனியிலிருந்து திரும்பிய அமெரிக்க நட்சத்திரம் லாண்டன் டொனோவனை எடுக்கும் முதல் உரிமை டல்லஸ் கிளப்பிடம் இருந்தது. கேலக்ஸிக்கு டொனோவன் வேண்டும். விலை? ரூயிஸ். கோப்பை வாங்கிக் கொடுத்தவர் மூட்டை கட்டிக்கொண்டு டெக்சாஸுக்குப் போனார்.

அதன் பிறகு அவர் பெட்டியை முழுதாகப் பிரித்திருப்பாரா என்பது சந்தேகம். டல்லஸ், மறுபடியும் லாஸ் ஏஞ்சலிஸ், கனடாவின் டொராண்டோ, பராகுவேயின் ஒலிம்பியா, மெக்சிகோவின் புவெப்லா, மறுபடியும் கிரீஸ், ஃபிலடெல்ஃபியா, வெராக்ரூஸ், வாஷிங்டன். நடுவில் சொந்த ஊர் முனிசிபல், கடைசியில் திரும்பவும் டல்லஸ். சில ஊர்களில் ஒரு சீசன்கூட முழுதாக இல்லை. இதை ஊர்சுற்றும் ஆசை என்று எழுதிவிடுவது சுலபம். காயம்பட்ட முழங்காலும் முப்பதைத் தாண்டிய வயதும் உள்ள கோல் வேட்டைக்காரனுக்கு வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போக வேண்டியிருக்கிறது.

கிளப் மாறிக்கொண்டே இருந்தது. மாறாதது தேசிய அணியின் சட்டை மட்டும்தான். அது அவரைப் படுத்தியது கொஞ்சமல்ல. 2005 அக்டோபரில், தகுதிச் சுற்றின் கடைசி நாள் ஆட்டத்தில் குவாத்தமாலா கோஸ்டாரிகாவை 3-1 என்று வென்றது. அதே நாளில் ட்ரினிடாட் மெக்சிகோவிடம் கோட்டை விட்டிருந்தால் வழி திறந்திருக்கும். மெக்சிகோ முதலில் கோல் அடித்தும் விட்டது. பிறகு ஸ்டெர்ன் ஜான் இரண்டு அடித்தார். ட்ரினிடாட் 13 புள்ளி, குவாத்தமாலா 11. ட்ரினிடாட் உலகக் கோப்பை நடந்த ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்தது.

2012 அக்டோபர் 16, கன்சாஸ் சிட்டி. இன்னும் கொடுமை. எதிரே அமெரிக்கா, டிரா செய்தாலே இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஐந்தாவது நிமிடத்திலேயே ரூயிஸ் தடுப்பு வரிசையைத் தாண்டி ஓடி, கோல்கீப்பர் டிம் ஹோவர்டையும் ஏமாற்றிக் கோல் போட்டார். அரங்கமே திகைத்தது. ஆனால் அமெரிக்கா திருப்பி மூன்று அடித்தது, அதில் இரண்டு க்ளிண்ட் டெம்ப்ஸியுடையவை. ஜமைக்காவும் குவாத்தமாலாவும் 10 புள்ளியில் சமம். கோல் வித்தியாசத்தில் ஜமைக்கா முன்னேறியது. தேசிய அணிக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்த ரூயிஸ், பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார். 2016 மார்ச்சில், 36 வயதில், அதே அமெரிக்காவை குவாத்தமாலா நகரில் 2-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இரண்டாவது கோல் அவருடையது. தீவுகளுக்கு எதிராக மட்டும் அடித்தவர் என்பவர்கள் அதையும் பார்க்கட்டும்.

அந்த முறையும் போதவில்லை. 2016 செப்டம்பர் 6 அன்று செயின்ட் வின்சென்ட்டுடனான கடைசி ஆட்டத்துக்கு முன்பே கதவு கிட்டத்தட்ட மூடியாகிவிட்டது. தகுதிச் சுற்று கோல்களில் ரூயிஸ் கணக்கில் 34, அப்போது சாதனையை வைத்திருந்த ஈரானின் அலி தாயி கணக்கில் 35. குவாத்தமாலா 9-3 என்று ஜெயித்தது, ஐந்து கோல் ரூயிஸுக்கு. அத்தோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றார்: 133 ஆட்டம், 68 கோல்.

அவர் அப்படி உருண்டு புரண்டு ஆடிய தகுதிச் சுற்று ஆட்டங்களின் வணிக உரிமையை விற்றுத்தான் குவாத்தமாலா கால்பந்து சங்கத்து ஆட்கள் லஞ்சம் வாங்கினார்கள். சங்கத்தின் அப்போதைய பொதுச் செயலாளர் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதியும்கூட. 2015 டிசம்பரில் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் வந்தவரை ஃப்ளோரிடாவில் அமெரிக்க அதிகாரிகள் கைது செய்தார்கள். பின்னர் எட்டு மாதச் சிறைத் தண்டனை. ரூயிஸ் விடைபெற்ற அடுத்த மாதமே குவாத்தமாலா சங்கத்தை ஃபிஃபா தடை செய்தது. தடை நீங்க 2018 மே ஆனது.

பனாமாவின் முன்கள வீரர் பிளாஸ் பெரஸையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. உருகுவே, கொலம்பியா, ஸ்பெயின், துபாய், மெக்சிகோ என்று சுற்றியவர், டல்லஸிலும் முனிசிபலிலும்கூட ஆடியவர். அவர் கோல் கணக்கு ரூயிஸைவிடக் குறைவுதான். ஆனால் 37 வயதில், 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக முதல் பதினொருவரில் இறங்கினார். அவருடைய தேசம் ஒரு முறை சரியான நாளில் ஜெயித்தது, அவ்வளவுதான்.

2026 உலகக் கோப்பையில் 48 அணிகள் என்றதும் குவாத்தமாலாவில் மறுபடி நம்பிக்கை துளிர்த்தது. 2025 நவம்பரில் சொந்த மண்ணில் பனாமாவிடம் 2-0 பின்தங்கி, இரண்டையும் திருப்பிக் கொடுத்து, பிறகு மூன்றாவதை வாங்கிக்கொண்டு தோற்றது. பனாமா இரண்டாம் முறையாகத் தகுதி பெற்றது.